பாட்டுக்குழுவில் ஒரு பகிடி

குருநகர்ப் பக்கம் எங்கள் பாட்டுக்குழுவில் ஒரு அக்கா எல்லோர் முன்னாலும், "உன்ர குரலுக்கு மைக் ஏன்?" என்றார். பகிடியாம். எனக்கு நெஞ்சு எரிந்தது.

இப்படியானால் யாழ்ப்பாணத்தில் என்ன செய்வோம் என்று தெரியும்தானே: கதைக்காமல் விடுவோம். கலியாண வீடு, செத்த வீடு எதற்கும் போகாமல் வருடக்கணக்காக இழுப்போம். அதைப் பொறுமை என்பார்கள். எனக்கு அது மெதுவான பழிவாங்கல்.

பைபிளில் மத்தேயு 18:15 வேறு வழி சொல்கிறது: முதலில் நோகடித்தவரிடமே தனியாகப் போய்ச் சொல். சாட்சிகளும் சபையும் அதற்குப் பிறகுதான். எழுபது தரம் ஏழு முறை மன்னிக்கச் சொல்வதும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. பலர் அதை மட்டும் பிடித்துக்கொண்டு, போய்ச் சொல்லும் கஷ்டமான பகுதியைத் தாண்டிவிடுகிறார்கள்.

பயிற்சி முடிந்து சைக்கிள் எடுக்கும்போது, "அக்கா, அந்தக் கதை எனக்கு நொந்தது" என்றேன். முகம் சுருங்கியது, மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. சரி, அது அவருடைய பாடு. நான் அவரோடு வழக்கம்போலக் கதைக்கிறேன்.