தப்பு போட்ட பதில்

"அழுதுட்டே வருவா மிஸ்." நாலரை வயதுக்காரன் சொன்ன பதில். நான் அதற்குத் தப்பு போட்டேன்.

கை கழுவப் போன சிறுமியின் பொம்மைக் காரை, மஞ்சள் டப்பாவிலிருந்து எடுத்துச் சிவப்புப் பைக்குள் போட்டிருந்தேன். திரும்பி வந்து எங்கே தேடுவாள்? "மஞ்சள் டப்பால." பட்டென்று வந்தது. மூன்று வயதில் பெரும்பாலான குழந்தைகள் பையைத்தான் காட்டுவார்கள். தனக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரியும் என்ற நினைப்பு. 1983இல் உளவியலாளர்கள் விம்மரும் பெர்னரும் ஒரு சாக்லேட் கதையை வைத்துச் சோதித்தது இதைத்தான். அந்தப் படியை அவன் தாண்டிவிட்டான் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அடுத்த கேள்வி: கதவைத் திறந்து உள்ளே வரும்போது அவள் மனசு எப்படி இருக்கும்? கார் டப்பாவில் இருப்பதாக நினைத்துத்தானே வருகிறாள், சந்தோஷமாகத்தான் இருப்பாள். இவன் அழுவாள் என்றான். "அவளுக்குத்தான் தெரியாதேப்பா, ஏன் அழணும்?" என் முகத்தைப் பார்க்காமல் பையின் காதைத் திருகிக்கொண்டே, "அழுவா" என்றான் மறுபடியும்.

இது எதிர்பார்க்கக்கூடிய பதில்தான். உளவியலாளர் பால் ஹாரிஸும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் 1989இல் ஒரு யானைக் கதை சொல்லிப் பார்த்தார்கள். யானைக்குப் பிடித்த பானம் இருந்த டின்னில், அதற்குத் தெரியாமல், குரங்கு பாலை ஊற்றி வைத்துவிடும். குடிக்கப்போகும் யானை சந்தோஷப்படுமா? ஒருவர் தவறாக நம்புகிறார் என்பது குழந்தைக்கு முதலில் பிடிபடுகிறது. அந்த நம்பிக்கையை ஒட்டியே அவர் மனநிலை இருக்கும் என்பது பிடிபட இன்னும் ஒன்றிரண்டு வருடம் ஆகிறது. ஆக, நான் தப்பு போட்டதில் தப்பில்லை.

கதவு திறந்தது. அவன் பைக்குள் கைவிட்டுக் காரை எடுத்து அவளை நோக்கி ஓடினான். "உட்காரு, விளையாட்டைக் கெடுக்காதே" என்று காரைப் பிடுங்கி மறுபடி பைக்குள் போட்டேன். அவள் டப்பாவைத் திறந்து உதட்டைப் பிதுக்கினாள். நான் அவளைத்தான் கவனித்தேன், அவனைப் பார்க்கவில்லை.

அவனுக்கு உள்ளே வருவதும் டப்பாவைத் திறப்பதும் ஒன்றாகவே தெரிந்திருக்குமோ? அப்படியானால் நான் கேட்டதற்கு அப்பால் ஒரு நிமிஷம் தள்ளிப் பார்த்துச் சொன்ன பதில் அது. இல்லை, வலித்தது அவனுக்குத்தானோ? அதையே அவள் மனசாக எடுத்துக்கொண்டான் என்றால் என் மதிப்பீடு சரி. ஓடியது அவளைப் புரிந்துகொண்டதாலா, தன்னால் தாங்க முடியாததாலா? எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. "டப்பாவைத் திறந்த பிறகு?" என்று இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். இன்னும் பதினோரு பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. அது உண்மைதான். ஆனாலும் அந்தக் கேள்விக்கு அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

படிவத்தில் 'பிறர் உணர்வறிதல்: பயிற்சி தேவை' என்று எழுதினேன். அவன் அம்மா அதைப் படித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "மத்தவங்க மேல பாசமே இல்லாம வளர்ந்துடுவானா மிஸ்?"

"அப்படியெல்லாம் இல்லைங்க, வயசு ஆக ஆக வந்துடும்."

வந்துடும் என்றேன். காரை எடுத்துக்கொண்டு அவன் ஓடியதைச் சொல்ல வாயெடுத்தேன்; அதற்குள் அடுத்த குழந்தையின் பெற்றோர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.