மணல் நிரப்பிய ஆடு

குறும்படத்துக்கு ஒரு செத்த ஆடு வேண்டும் என்றார் இயக்குநர். உயிருள்ள ஆட்டை நடிக்க வைப்பதென்றால் 2001-ஆம் ஆண்டு விதிகளின்படி விலங்கு நல வாரியத்திடம் முன்அனுமதி வாங்க வேண்டும். எங்களிடம் அதற்கு நாளும் இல்லை, பணமும் இல்லை. அதனால் பொம்மை ஆடு செய்ய உட்கார்ந்தேன்.

கோழிவலையை வளைத்து உடல், மேலே பழைய மெத்தைப் பஞ்சு, அதன்மேல் கறுப்பு ரோமத்துணி. தூக்கிப் பார்த்தால் தலையணை மாதிரி இருந்தது. செத்த ஆட்டுக்குக் கழுத்து தொங்க வேண்டுமே! தையலைப் பிரித்துத் தலையிலும் தொடைகளிலும் மணல் பொட்டலங்களைத் திணித்தேன். அதன் பிறகுதான் சுமக்கும் நடிகரின் தோள் தானாகச் சரிந்தது.

கண்தான் பாடாய்ப் படுத்தியது. கோலிக்குண்டைப் பதித்தேன், பொம்மை முழித்தது. தெருமுனைக் கறிக்கடையில் போய் உற்றுப் பார்த்த பிறகே உறைத்தது: ஆட்டின் கண்மணி வட்டமல்ல, படுக்கைவாட்டில் கிடக்கும் பட்டை. (கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.) மஞ்சள் தீட்டிய அட்டையில் அந்தப் பட்டையை வரைந்து, மேலே கண்ணாடிபோல் இறுகும் ரெசின் பிசின் ஒரு சொட்டு விட்டேன். ஈரக் கண்ணாகவே மின்னியது.

படப்பிடிப்பன்று தெருநாய் ஒன்று வந்து மோந்து பார்த்துவிட்டு, காலைத் தூக்கி நனைத்துவிட்டுப் போயிற்று. ரோமத்துணியைக் கழுவிக் காயவைப்பதற்குள் அரை நாள் போய்விட்டது.