அரியர் வச்சு கப் அடிச்ச டீம்

2024 நவம்பர் 30, கொலம்பஸ்ல செம குளிரு, ஃப்ரெண்டு வீட்டு பேஸ்மென்ட்ல ஏழு பேரு உக்காந்து ஒஹாயோ ஸ்டேட் - மிஷிகன் மேட்ச் (அமெரிக்க காலேஜ் ஃபுட்பால், நம்ம டீம் ஒஹாயோ ஸ்டேட்) பாத்துட்டு இருந்தோம். மிஷிகன் அந்த வருஷம் 6-5 (ஆறு ஜெயிப்பு, அஞ்சு தோல்வி), ரேங்க்லயே இல்ல, நம்மாளுங்க நாட்டுலயே ரெண்டாவது எடம். எத்தன பாயின்ட்ல ஜெயிப்போம்ங்கறது மட்டும்தான் பேச்சே. கடைசில 45 செகண்ட் இருக்கறப்ப அவனுங்க ஒரு ஃபீல்ட் கோல் (கம்பத்துக்கு நடுவுல பந்த உதைச்சா மூணு பாயின்ட்) போட்டு 13-10னு முடிச்சுட்டானுங்க, அதுவும் தொடர்ந்து நாலாவது வருஷமா. டேபிள்ல வாழக்கா பஜ்ஜி ஆறிப்போய் கீழ வச்ச டிஷ்யூ பூரா எண்ணெய். அக்கா மேலருந்து எறங்கி வந்து "ஏன்டா யாருமே தொடல"ன்னு கேட்டாங்க, ஒருத்தனும் வாயத் தொறக்கல.

அப்பதான் கூட இருந்த தம்பி ஒருத்தன் ஃபோனப் பாத்துட்டே "பரவால்லண்ணா, ப்ளேஆஃப்ல எப்படியும் இருப்போம்"னான், அதாவது சீசன் முடிஞ்சு கப்புக்கு நடக்கற நாக்-அவுட்ல. பளார்னு ஒண்ணு விடலாம்னு தோணுச்சு. அவன் சொன்னது கரெக்ட்டு, அதனாலதான் அவ்ளோ கோவம்.

ஏன்னா அதுக்கு மொத வருஷம் இதே மேட்ச்ல 30-24 தோத்தோம், அது வரைக்கும் 11-0, அந்த ஒரே ஒரு தோல்வி, சீசன் க்ளோஸ். அப்ப ப்ளேஆஃப்ல நாலே நாலு டீமு. 2014லருந்து 2023 வரைக்கும் பத்து சீசன், ரெண்டு மேட்ச் தோத்த டீம் ஒண்ணு கூட உள்ள போனதில்ல. ஃப்ளோரிடா ஸ்டேட் 2023ல 13-0ன்னு நின்னும், குவார்ட்டர்பேக்குக்கு (பந்த எறியற மெயின் ஆளு) கால்ல அடின்னு, டீம் செலக்ட் பண்ற கமிட்டி வெளிய தள்ளிடுச்சு, அதெல்லாம் தனி வயித்தெரிச்சல்.

2024லருந்து 12 டீம். நம்ம காலேஜ் பாஷைல சொல்லணும்னா முன்னாடி ஒரு பேப்பர் போனா டீடெயின், இப்ப அரியர், டிசம்பர்ல எழுதி க்ளியர் பண்ணிக்கலாம். நோட்டர் டேம் செப்டம்பர்ல சொந்த க்ரவுண்ட்லயே நார்தர்ன் இல்லினாய்கிட்ட 16-14 தோத்துச்சு, பழைய கணக்குல அன்னிக்கே பாதி உசுரு போயிருக்கும், அவனுங்க ஃபைனல் வரைக்கும் வந்தானுங்க.

நாங்களும்தான் வந்தோம். டிசம்பர் 21 நைட்டு ப்ளேஆஃப் மொத மேட்ச்சுக்கு டென்னசி (ஆரஞ்சு கலர் டீம்) இங்க வந்துச்சு, டிக்கெட் வெல எனக்கு கட்டுப்படி ஆகல, சரி சும்மா வேடிக்க பாப்போம்னு லேன் அவென்யூ பக்கம் போனா எங்க பாத்தாலும் ஆரஞ்சு ஜாக்கெட்டு, நம்ம ஊருல நாமளே விருந்தாளி மாதிரி. குளிரு மைனஸ்ல, கைல இருந்த காஃபி பத்து நிமிஷத்துல ஐஸ் காஃபி. 42-17 ஜெயிச்சோம். அப்புறம் ஓரிகன், டெக்சஸ், ஃபைனல்ல நோட்டர் டேம் 34-23. எட்டாவது சீடா (ப்ளேஆஃப் வரிசைல எட்டாவது எடம்) உள்ள போன, ரெண்டு மேட்ச் தோத்த டீமுக்கு கப். நவம்பர்ல கோச் ரயன் டேய தூக்குங்கடான்னு கத்துன அதே வாய் ஜனவரில என்ன கத்துச்சுன்னு கேக்காதீங்க, என் வாயும் அதுல இருந்துச்சு.

ரெகுலர் சீசன் செத்துப்போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். 2025 ஆகஸ்ட் 31ல மியாமி நோட்டர் டேம 27-24 ஜெயிச்சுது, கடைசில ரெண்டும் 10-2, டிசம்பர்ல லிஸ்ட் போடறப்ப கமிட்டி அந்த ஆகஸ்ட் மேட்ச எடுத்து வச்சு மியாமிய உள்ள விட்டுச்சு, நோட்டர் டேம் கோச்சுக்கிட்டு எந்த பவுலுக்கும் (ப்ளேஆஃப் கெடைக்காத டீமுங்க ஆடற சீசன் கடைசி மேட்ச்) வரலன்னுடுச்சு. இன்டியானா மாதிரி காலங்காலமா அடி வாங்கிட்டு இருந்த டீமோட ரசிகனுக்கு இப்ப நவம்பர் சனிக்கெழம தூக்கம் வராது, நல்லதுதான். முன்னாடி அவனுக்கு அக்டோபர்லயே பாஸ்கெட்பால் ஆரம்பிச்சிரும்.

ஆனா பெரிய டீம் ரசிகனுக்கு ஒண்ணு கொறஞ்சிருக்கு, அது பயம். 2025 பிக் டென் (எங்க டீம் இருக்கற லீக்) ஃபைனல், நாங்க நம்பர் 1, இன்டியானா நம்பர் 2, ரெண்டும் தோக்காத டீம். பழைய காலமா இருந்தா மூணு நாளா சோறு எறங்காது. நான் அந்த மேட்ச துணி மடிச்சுட்டே பாத்தேன். நெசமாத்தான், குழந்தையோட சாக்ஸ ஜோடி சேத்துட்டு இருந்தேன். 13-10 தோத்தோம், மறுபடியும் அதே ஸ்கோரு, ஆனா ரெண்டு டீமுக்கும் டிக்கெட் ஏற்கெனவே பாக்கெட்ல இருக்கறப்ப என்னத்த பதறறது. ரெண்டாவது சீட், மொத ரவுண்டு ஆடாமலே அடுத்த ரவுண்டு (பை), அவ்ளோதான் சேதாரம்.

அதுக்கு மொத வாரம்தான் மிஷிகனோட ஊரு ஆன் ஆர்பர் போயி அவனுங்கள 27-9னு அடிச்சிருந்தோம். அதே பேஸ்மென்ட், அதே ஏழு பேரு, மூணாவது குவார்ட்டர்லயே பஜ்ஜி தட்டு காலி, அக்கா ரெண்டாவது ஈடு போட்டாங்க.

டிசம்பர் 31 ப்ளேஆஃப்ல மியாமி மேட்ச். பத்தாவது சீடுகிட்ட 24-14 தோத்து வெளிய வந்தோம், ஒரு ஃபீல்ட் கோல் வேற மிஸ்ஸு. நியூ இயர் ஈவ்னால அக்காவ சமைக்க சொல்லல, பிட்சா ஆர்டர் பண்ணிருந்தோம். தோத்தும் நாலு பாக்ஸும் காலி.