மார்கழியில் மரநாய்: செட்டிநாட்டு மச்சுக்கு மேலே

கானாடுகாத்தான், ஆத்தங்குடிப் பக்கம் பழைய வீடுகளில் தங்க ஏற்ற காலம் மார்கழியும் தையும். வெயில் தணிந்திருக்கும், ஊருணியில் தண்ணீர் நிற்கும். இரவு ஏழு, ஏழரைக்கு மச்சுக்கு மேலே கனமாக ஏதோ நடந்தால் பயப்பட வேண்டாம். எலி ஓடினால் சரசரவென்று கேட்கும். இது தொம்தொம்மென்று நிதானமாகப் போகும், விடிவதற்கு முன் திரும்பி வரும். அடுப்பு எரியாத வீட்டில் பாசுமதி அரிசி வேகிற வாசமும் அடித்தால் மரநாய்தான்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் இதைப் பார்த்ததும், அந்த ஊர் விலங்கான ஸ்கங்க் என்பார்கள். இரண்டுக்கும் வாலடியில் நாற்றச் சுரப்பி உண்டு, இரண்டும் இராத்திரியில்தான் இரை தேடும். ஆனால் குடும்பம் வேறு, குளிர்காலத்தைக் கழிக்கும் விதமும் வேறு. ஸ்கங்க் பனிக்கு முன்பே தின்று கொழுத்துவிடும். வளைக்குள் காய்ந்த இலையையும் புல்லையும் இழுத்துப் போட்டு, பெட்டைகள் பல ஒன்றாக ஒட்டிப் படுக்கும். மாதக்கணக்கில் விடாமல் தூங்குவதில்லை. உடல் சூடு சில மணி நேரம் இறங்கி மறுபடி ஏறும். குளிர் சற்று விட்ட இரவில் வெளியே வந்து போகும். ஆண்கள் பிப்ரவரியிலேயே துணை தேடி அலையத் தொடங்கிவிடும்.

மரநாய்க்கு அப்படி ஒடுங்கிப் படுக்கும் வழக்கம் இல்லை. வருஷம் முழுக்க இரை தேடியாக வேண்டும். இங்கே அதை வாட்டுவது ஐப்பசி, கார்த்திகை அடைமழை. மரப்பொந்து நனைந்துவிடும். தேக்குப் பலகை மச்சுக்கும் நாட்டு ஓட்டுக்கும் நடுவில் உள்ள இடமோ காய்ந்து, இருட்டாக, வெதுவெதுப்பாக இருக்கும். கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் படைப்பதற்கும் மட்டும் திறக்கிற வீடு என்றால் தொந்தரவு செய்ய ஆளும் இல்லை. இத்தனை மரநாய் இந்த ஊர்களில் பிழைத்திருப்பதற்குப் பூட்டிய வீடுகள்தான் முக்கியக் காரணம் என்பது எங்கள் எண்ணம்.

தீனிக்கு அது ஒரே மரத்தை நம்புவதில்லை. ஆனி, ஆடியில் வேப்பம்பழம், ஆவணியில் பனம்பழம், மார்கழி, தையில் இலந்தை. ஆலும் அரசும் ஒன்றுவிட்டு ஒன்று பழுப்பதால் இடைவெளி நிரம்பும். பதநீர் இறக்கும் காலத்தில் கலயத்திலும் வாய் வைக்கும். எலி, பூச்சி எதையும் விடாது. மதில் மேலோ ஓட்டின் மேலோ முழு விதைகளோடு கிடக்கும் எச்சத்தைப் பார்த்தாலே என்ன தின்றது என்று சொல்லிவிடலாம்.

வீட்டுக்காரர்கள் செய்யும் பெரிய தவறு, அது நுழையும் ஓட்டையைப் பகலில் அடைப்பது. அது உள்ளேதான் தூங்கிக்கொண்டிருக்கும். இராத்திரி வழி தேடி ஓடுகளைப் பெயர்க்கும், மழை இறங்கி மச்சுப் பலகை ஊறும். குட்டி இருந்தால் இன்னும் கொடுமை: தாய் வெளியே, குட்டிகள் உள்ளே பட்டினி. முதலில் ஓட்டையில் பழைய செய்தித்தாளைத் தளர்வாகச் செருகுங்கள். மூன்று இரவு கலையாமல் இருந்து, குட்டிச் சத்தமும் கேட்காவிட்டால் காலி. கலைந்திருந்தால் பொறுங்கள், குட்டிகள் பால் மறக்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும், அவை தாயோடு வெளியே போகத் தொடங்கும் வரை தொடக் கூடாது. பிறகு, பொழுது சாய்ந்து எல்லாம் வெளியேறியதும், ஓர் அங்குலக் கண் உள்ள கம்பி வலையை மரச்சட்டத்தில் திருகாணியால் இறுக்குங்கள். ஆணி மட்டும் அடித்தால் பிடுங்கிவிடும். கூரையைத் தொடும் கிளைகளையும் வெட்ட வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஓட்டை தேடும். அந்துருண்டையால் பயனில்லை. விஷம் வைப்பதும் கூண்டில் பிடிப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் கழித்து, பழுத்த ஆலமரம் உள்ள ஊருணிக் கரைக்குப் போகலாம். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொள்ளுங்கள். நிலா இல்லாத இரவு நல்லது; நிலா வெளிச்சத்தில் அது வெளியே வரத் தயங்கும்.