குதிரை மூக்கில் ஒரு குழி

ஒடுகத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் எங்களுக்கு மல்லாட்டைக் கொல்லை இருந்த காலத்தில், காட்டுப்பன்றிகளை விரட்டுவதற்காகத் தாத்தா உரிமம் பெற்று ஒரு நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தார். தேர்தல் அறிவித்தால் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைப்பார். என் பெரியப்பாவின் வலது கன்னத்தில் கடுகளவு கரும்புள்ளி ஒன்று உண்டு. அது மச்சமன்று, அந்தத் துப்பாக்கியின் கேப் உடைந்து தெறித்த தடம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஏன் தெறித்தது என்பது, நான் கடைசல் பட்டறையில் வேலை கற்ற பிறகுதான் எனக்கு விளங்கியது.

தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் கேப் வெறும் காகிதம். இதுவோ, உள்ளே துளி மருந்து தடவிய செப்புத் தகட்டுக் கிண்ணம். குழலின் பின்புறம் துருத்தி நிற்கும் நிப்பிளின் மேல் அதைக் கவிழ்த்துவைத்து, விசையை இழுத்ததும் சுத்தியல்போல் வந்து அடிக்கும் குதிரையை விட்டால், மருந்து வெடித்து, தீ நிப்பிளின் துளை வழியே இறங்கிக் கரிமருந்தைப் பற்றவைக்கும். அதே நொடியில் கிண்ணமும் கிழியும். சுடுபவரின் கண்ணோ அதற்குச் சற்றுப் பின்னால்தான் இருக்கிறது. அதனால்தான் குதிரையின் மூக்கைத் தட்டையாக விடாமல் குடைந்திருப்பார்கள். குழியின் அடித்தளம் கேப்பின் தலையில் அடிக்கும்போது, சுற்றியுள்ள விளிம்பு கேப்பின் பக்கங்களை மூடியபடி இறங்கிவிடுவதால், கிழிந்த சில்லுகள் அந்தச் சுவரில் மோதி அங்கேயே நின்றுவிடும். சில குதிரைகளில் முன்பக்கச் சுவரில் மட்டும் ஒரு வெட்டு இருக்கும். புகையும் சில்லும் வெளியேறியே தீருமென்றால் முகத்துக்கு எதிர்த்திசையில் போகட்டும் என்பதே அந்த ஏற்பாடு.

1806இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது இருந்த சக்கிமுக்கித் துப்பாக்கியின் குதிரைக்கு இந்தக் குழி தேவைப்படவில்லை. அது கல்லைக் கவ்வினால் போதும். மறு ஆண்டுதான் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஃபோர்சித், அடிபட்டு வெடிக்கும் மருந்தால் தீமூட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். செப்புக் கேப் அதற்கும் பிந்தியது.

குழி இருந்தால் மட்டும் போதாது. குதிரை நிப்பிளின் மேல் நேராக உட்காரவும் வேண்டும். நிப்பிளின் துளை தேய்ந்து அகன்றுவிட்டால், குழலிலிருந்து திரும்பும் வாயு குதிரையையே மேலே தூக்கி, சில்லுகளுக்கு வழி திறந்துவிடும். குதிரையை அழுத்தும் வில் (ஸ்பிரிங்) தளர்ந்திருந்தாலும் அதே கதிதான்.

எங்கள் துப்பாக்கியின் குதிரை கழுத்தில் முறிந்தபோது, உலைக்களத்தில் புதிதாக ஒன்று அடித்துப் பொருத்தியிருக்கிறார்கள். அடித்தவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பார்வைக்கு அது அச்சாக அதே குதிரைதான். மூக்கு மட்டும் தட்டை. முறிந்த பழையதைப் பெரியப்பா ஒரு தகர டப்பாவில் வைத்திருந்தார். ஊறிய பட்டாணி ஒன்று உட்காரக்கூடிய அதன் குழிக்குள், விளிம்பெல்லாம் பச்சைக் களிம்பு ஏறியிருக்க, அடியில் நிப்பிள் பதிந்த வட்டத் தழும்பு இன்னும் தெளிவாகத் தெரிந்தது.