தேள் பென்டன்ட் செஞ்சு முடிச்ச கதை

மக சிங்கப்பூர்ல இருந்து போன் பண்ணி, ராசி மிருகம் வச்சு ஒரு பென்டன்ட் வேணும்னா. எந்த மிருகம்ங்கறதுலயே ஆரம்பிச்சிருச்சு பஞ்சாயத்து. பிறந்தது ஆகஸ்ட் முதல் வாரம், இங்கிலீஷ் கணக்குல சிம்மம். நம்ம கணக்குல ஆடி மாசம், சூரியன் கடகத்துல. ஆனா நம்ம ராசின்னு சொல்றது சந்திரன் நிக்கிற இடத்தைத்தானே, அப்படிப் பாத்தா விருச்சிக ராசி, அனுஷம், ஆக தேள். அயித்தை விடல, பொருத்தம் பாக்கும்போது அனுஷ நட்சத்திரத்துக்கு யோனிப் பொருத்தத்துல வர்ற மிருகம் மான்தானே, பேசாம மானைச் செய்யி, பொம்பளப் பிள்ள கழுத்துல தேளாங்கறாக. மக தேளேதான்னு நின்னா. எனக்கும் அதான் சரின்னு பட்டுச்சு, மான் எல்லாக் கடையிலயும் தொங்குது.

கம்ப்யூட்டர்ல வரைஞ்சு மெழுகு அச்செடுத்து வார்த்துக் குடுக்குற கடையும் இருக்கு, சீக்கிரமும் முடியும். நான் காரைக்குடியில எங்க வீட்டு கழுத்துரு, அதான் எங்க பக்கத்து கல்யாணத் தாலி, அந்த வேலையெல்லாம் பாக்குற நகை ஆசாரி, பத்தர்கிட்டயே போனேன். மக அனுப்புன படத்தைப் பாத்ததுமே, "ஆச்சி, எட்டுக் காலையும் இப்படி விரிச்சு வச்சா சேலை நூலைப் பூரா இழுத்துரும்"னாரு. காலை உடம்போட ஒட்டி மடக்கி, ரெண்டு கொடுக்கும் மேல வளைஞ்சு ஒண்ணா சேர்ற மாதிரி வரைஞ்சாரு, அந்த வளையத்துக்குள்ளதான் செயின் போகுது. தனியா கொக்கி கிடையாது. இது எந்த டிசைனருக்குத் தோணும் சொல்லுங்க.

வாலுதான் பெரிய வேலை. கார்ட்டியேங்கற பிரெஞ்சு நகைக் கம்பெனி 1975-ல மரியா ஃபெலிக்ஸ்ங்கற மெக்சிகோ நடிகைக்கு முதலை நெக்லஸ் ஒண்ணு செஞ்சுது, ரெண்டு முதலை, உடம்பு வளையும், அந்தப் படத்தைக் காட்டினேன். பத்தர் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு, வாலை கண்ணி கண்ணியா கோர்த்துருவோம்னாரு. அதான் இப்ப குனிஞ்சா நிமிந்தா வால் லேசா ஆடுது, அயித்தைக்கு அதப் பாத்தாலே ஆகல.

கல்லுக்கு ஆத்தாவோட பர்மா கெம்பு, அதான் மாணிக்கம், கொஞ்சம் வச்சிருந்தேன். ஆனா விருச்சிகத்துக்கு அதிபதி செவ்வாய், அதுக்குப் பவளம்தான், அதனால முதுகுல ஒரு பவளம், கண்ணுக்கு மட்டும் கெம்பு. பவளம் கெம்பு மாதிரி கெட்டி இல்ல, நெருப்பும் ஆகாது ஆசிடும் ஆகாது, அதனால பத்த வைக்கிற வேலை, பாலீஷ் எல்லாம் முடிஞ்சு கடைசியிலதான் பதிச்சாரு, சுத்தி விளிம்பு கொஞ்சம் உயரமா விட்டு.

பழைய வளையலை உருக்கித்தான் செஞ்சது. தங்கத்தோட சுத்தத்தைச் சோதிச்சுப் போடுற ஹால்மார்க் முத்திரைக்கு பதிவு பண்ண கடை மூலமாத்தான் அனுப்பணும், அவருக்குத் தெரிஞ்ச கடையில முடிச்சுக் குடுத்தாரு, பின்னாடி 22 காரட்டுக்கான 916-ம், ஒவ்வொரு நகைக்கும் தனியா குடுக்குற ஆறு எழுத்து எச்யூஐடி நம்பரும் இருக்கு, அந்த நம்பரை ஹால்மார்க் குடுக்குற அரசு அமைப்பான பிஐஎஸ்ஸோட பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டுப் பாத்துக்கிட்டேன். யாராச்சும் இந்த மாதிரி செய்யச் சொன்னா கல் எடை, உள்ள அரக்கு இருந்தா அந்த எடை எல்லாம் கழிச்சு தங்கம் மட்டும் எவ்வளவுன்னு எழுதி வாங்குங்க, செய்கூலி சேதாரமும் முன்னாடியே பேசிருங்க, கைவேலைக்கு கூடத்தான் வரும்.

மககிட்ட சென்ட் அடிச்சு அது காஞ்சப்புறம் போடு, குளிக்கும்போது கழட்டி வையின்னு சொல்லி அனுப்பியிருக்கேன், கேப்பாளா தெரியல.