இரண்டு லட்சம் கிலோமீட்டரை நெருங்கிய காருக்கு முன் சஸ்பென்ஷன் வேலை பார்த்த அனுபவம்

எங்கள் வீட்டில் இருப்பது 2009-இல் வாங்கிய டீசல் ஸ்விஃப்ட். ஓடோமீட்டர் 1,94,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. பதினைந்து ஆண்டு முடிந்தபோது ஆர்.சி.யை மேலும் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொண்டோம். எஞ்சினும் கியர்பாக்ஸும் நன்றாக இருப்பதால் வண்டியை விற்கும் எண்ணமே எழவில்லை. ஆனால் சென்ற மழைக்காலம் முடிந்ததும், தாம்பரத்தில் எங்கள் தெருவின் பள்ளங்களைக் கடக்கும்போதெல்லாம் முன்பக்கம் இடப்புறத்திலிருந்து ‘கடக் கடக்’ என்று ஓசை வரத் தொடங்கியது. வேகமாகச் செல்லும்போது அது கேட்காது. சிறு மேடுபள்ளங்களில் மெதுவாக உருளும்போதுதான் தெளிவாகக் கேட்கும். பிரேக் பிடித்தால் வண்டி இடப்புறம் இழுத்தது. முதுகுவலியுள்ள அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது இந்த வண்டியில்தான் என்பதால் அந்த ஓசையை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

முதலில் சென்ற பட்டறையில் வண்டியைத் தூக்கிக்கூடப் பார்க்காமல், முன் ஷாக் அப்சார்பர் (சக்கரத்தின் குலுக்கலை அடக்கும் எண்ணெய்க் குழல்) இரண்டும் போய்விட்டன என்றார்கள். இடப்புற ஷாக்கில் எண்ணெய் கசிந்திருந்தது உண்மை. ஆகவே நானும் ஒப்புக்கொண்டேன். இரண்டையும் மாற்றியபின் குலுக்கல் குறைந்தது. ஆனால் பத்தே நாளில் அதே ஓசையை மீண்டும் கேட்டேன். பிரேக் பிடிக்கும்போது இழுப்பதும் மாறவில்லை. தேய்ந்த ஒரு பாகம் கண்ணில் பட்டுவிட்டது என்பதாலேயே ஓசைக்குக் காரணம் அதுதான் என்று முடிவுசெய்யக் கூடாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்து, முப்பது ஆண்டுகளாகச் சிறிய பட்டறை நடத்தும் ஒரு மெக்கானிக்கிடம் சென்றேன். அவர் ஒரு ஸ்பேனரையும் எடுக்காமல் ஏறக்குறைய ஒரு மணி நேரம் சோதித்தார். முதலில் வண்டியை, அடியில் இறங்கிப் பார்ப்பதற்கான குழியின்மேல் நிறுத்தி, நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போதே ஸ்டெபிலைசர் பாரின் (வளைவுகளில் வண்டி சாயாமல் இரு முன்சக்கரப் பக்கங்களையும் இணைக்கும் கம்பி) முனையிலுள்ள சிறு இணைப்புத் தண்டான லிங்க் ராடைக் கையால் பிடித்து ஆட்டினார். இடப்புறத்து லிங்க் ராட் தளர்ந்து ஆடியது. “ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினா பார் முறுக்கிக்கும் சார், லிங்க் விறைப்பா நின்னுடும், ஆட்டம் தெரியாது” என்றார். முதல் பட்டறையில் அதைச் சோதித்திருந்தாலும் இப்படித்தான் தப்பியிருக்கும் போலும்.

பின்னர் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தபோது பால் ஜாயிண்ட்டில் (சக்கரம் திரும்பவும் ஏறி இறங்கவும் இடம்தரும் குண்டு மூட்டு) ஆட்டம் தெரிந்தது. இடமும் வலமும் பிடித்து அசைத்தபோது, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டில் குறை எதுவும் தெரியவில்லை. சக்கரத்தை வண்டியின் சட்டத்தோடு கீழ்ப்புறத்தில் இணைக்கும் லோயர் ஆர்முக்கும் அந்தச் சட்டத்துக்கும் இடையில் கம்பியை நுழைத்து நெம்பியபோது, ஆர்மின் பின்புறத்துப் பெரிய புஷ்ஷின் (இணைப்பில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் உருளை) ரப்பர் பாதிக்கு மேல் கிழிந்து வாய்பிளந்தது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னோக்கித் தள்ளப்படுவதைத் தாங்கி நிற்பது அந்தப் புஷ்தான். அது கிழிந்ததால் இடச் சக்கரம் மட்டும் பின்வாங்கி, வண்டி அந்தப் பக்கம் இழுத்திருக்கிறது. டயரின் உள்விளிம்பு தேய்ந்திருந்ததற்கும் அதுவே காரணம். கடைசியாக, என்னை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லிவிட்டு, சுருள்வில்லின்மேல் விரல்களை வைத்துப் பார்த்தார். வில் சீராகத் திரும்பாமல் முறுக்கேறி, பிறகு ‘டங்’ என்று விடுபட்டது. ஷாக்கை மாற்றியவர்கள் அதன் தலைப்பை வண்டியோடு பிணைக்கும் மவுண்டையும், அது சுழல உதவும் பேரிங்கையும் பழையதாகவே மாட்டியிருந்தார்கள்.

உதிரிபாகங்களை வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குச் சென்றேன். புஷ்ஷை மட்டும் பிரஸ்ஸில் அழுத்தி மாற்றலாம். ஆனால் பால் ஜாயிண்ட்டும் ஆடியதால் முழு லோயர் ஆர்மாக வாங்குவதே சரியென்று பட்டது. இரண்டு லோயர் ஆர்ம் 3,800 ரூபாய், இரண்டு லிங்க் ராட் 1,000, பேரிங்குடன் மவுண்ட் இரண்டு 1,700 என மொத்தம் 6,500 ரூபாய் ஆனது. வலப்புறப் பாகங்கள் அந்த அளவுக்குக் கெடவில்லை என்றாலும், அவையும் அதே தொலைவு ஓடியவை என்பதால் இருபுறமும் சேர்த்தே மாற்றினோம்.

வேலை ஒரு முழு நாளை எடுத்துக்கொண்டது. ஆர்மின் முன் போல்ட் துருப்பிடித்துப் புஷ்ஷின் உள்குழலோடு ஒட்டியிருந்ததால், முந்தைய மாலையே துரு எண்ணெய் ஊற்றி ஊறவிட்டிருந்தார். மவுண்டை மாற்றுவதற்குச் சுருள்வில்லை அழுத்த வேண்டும். இரண்டு கம்ப்ரஸரை எதிரெதிரே பூட்டி, மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்கி, வில் மவுண்டைவிட்டு முற்றிலும் விலகியதைப் பார்த்த பிறகே நடு நட்டைத் தொட்டார். என்னையும் வில்லுக்கு நேரே நிற்கக் கூடாது என்று விலக்கி நிறுத்தினார். அழுத்தாத நிலையில் அந்த நட்டைக் கழற்றினால் வில் தெறித்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். அதற்குரிய கருவி இல்லாதவர்கள் இந்த ஒரு கட்டத்தை வீட்டில் முயல வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான். லோயர் ஆர்மைப் பொருத்தியபோது புஷ் போல்ட்டுகளை முழுவதும் இறுக்காமல் விட்டு, சக்கரங்களை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தைச் சிலமுறை அழுத்திவிட்டு, எடை சக்கரங்களின்மேல் நிற்கும் நிலையில் குழிக்குள் இறங்கி இறுக்கினார். சக்கரம் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் புஷ்ஷின் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். புதிய புஷ்கூட விரைவிலேயே கிழிந்துவிடும். அவசரத்தில் பலரும் தவிர்க்கும் வேலை இது. அருகில் நின்று, இப்படிச் செய்யுங்கள் என்று கேட்பதற்கு வண்டியின் உரிமையாளருக்கு எல்லா உரிமையும் உண்டு.

கூலி 3,000 ரூபாய். மறுநாள் காலையில் 700 ரூபாய்க்கு வீல் அலைன்மெண்ட் பார்த்தபோது இடச் சக்கரத்தின் டோ (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணம்) வெகுவாக விலகியிருந்தது. அதைச் சரிசெய்த பிறகு ஸ்டியரிங் நேராக நிற்கிறது, பிரேக் பிடித்தாலும் வண்டி நேர்க்கோட்டிலேயே நிற்கிறது. உள்விளிம்பு தேய்ந்த டயரைக் கழற்றி ஸ்டெப்னியாக வைத்துவிட்டேன். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் குழியில் நிறுத்தி எல்லா நட்டுகளையும் சோதித்தோம், எதுவும் தளரவில்லை. அப்போது பின் அச்சின் புஷ்களையும் விளக்கடித்துப் பார்த்தோம். வலப்புறத்தில் மயிரிழை அளவு வெடிப்பு தெரிகிறது. அடுத்த மழை தொடங்குவதற்குள் அந்த வேலையையும் முடித்துவிடலாம் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.